டிவிக்குக் கீழே யார் கட்டிய பெட்டி?

(எபிசோடில் பேசியது, வாசிப்பதற்காகக் கொஞ்சம் சீர்செய்யப்பட்டது.)

உங்களிடமிருந்து வருகிற கேள்விகளில் ஒன்று வேறு வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கு. ஹாலில் பெரிய டிவி இருக்கு. அதுக்குக் கீழே அடக்கமா ஒரு கம்ப்யூட்டர் வெச்சு, சோபாவில் சாய்ந்தபடி கேம் ஆடணும். ரெடிமேடா ஒண்ணு வாங்கிடலாமா, இல்ல பார்ட்ஸ் வாங்கி நாமளே அசெம்பிள் பண்ணலாமா?

இதைக் கேட்க வேண்டியது ஒரு டெக் சேனலில், வரலாறு பேசுகிற இடத்தில் இல்லை என்று நீங்க நினைக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு ஐம்பது வயது ஆகிறது. அதுக்குள்ள பெரிய பெரிய கம்பெனிகள் இதே பெட்டியைச் செய்யப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு பெட்டி சொல்லிலேயே இல்லாமல் நிஜமாகவே சுட்டது. அதனால விலைப்பட்டியலுக்கு முன்னாடி கதையைப் பார்த்துடலாம்.

1975 ஜனவரி. 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகையின் அட்டையில் ஆல்டேர் 8800 என்று ஒரு பெட்டி. நியூ மெக்சிகோவில் ஆல்புகர்க்கி என்ற ஊரில் இருந்த எம்ஐடிஎஸ் கம்பெனி செய்தது. கிட்டாக வாங்கினால் 397 டாலர். கிட் என்றால் என்ன? ஒரு போர்டு, ஒரு கூடை பாகங்கள், ஒரு விளக்கப் புத்தகம். சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு நீங்களே உட்கார வேண்டியதுதான். முழுசாகக் கட்டியதும் விற்றார்கள், ஆனால் அதுக்கு விலை கூட. அதாவது சொந்தக் கம்ப்யூட்டர் என்ற பொருள் பிறந்த அன்றைக்கே இந்த ரெண்டு விலையும் கூடவே பிறந்துவிட்டது.

அடுத்த வருஷம், 1976. ஸ்டீவ் ஜாப்ஸும் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஆப்பிள் 1-ஐ வெறும் போர்டாக விற்க நினைத்தார்கள். வாங்குகிறவர் தானே பாகங்களைப் பொருத்திக்கொள்வார் என்பது திட்டம். பைட் ஷாப் என்ற கடையை நடத்திய பால் டெரெல், 50 போர்டு எடுத்துக்கிறேன், தலா 500 டாலர் தர்றேன், ஆனா பாகங்கள் எல்லாம் சால்டர் செஞ்சு வரணும் என்று நிபந்தனை போட்டார். கடைக்காரருக்குத்தான் முதலில் தெரிந்தது, பாதிப் பேர் கட்டுவதற்காகக் கடைக்கு வருவதில்லை என்று. அப்பவும்கூட அந்த ஆப்பிள் 1-க்கு கேஸ், கீபோர்டு, பவர் சப்ளை எல்லாம் வாங்கியவர் பொறுப்புதான். பாதி ரெடிமேட், பாதி சுயம். இந்தப் 'பாதி' என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, ரெண்டு மூணு தடவை திரும்ப வரும்.

1981-இல் ஐபிஎம் பிசி வந்தது, அதைக் காம்பாக் முதலான கம்பெனிகள் நகலெடுத்தன, உலகம் முழுக்க ஒரே மாதிரிப் பாகங்கள் பரவின. இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும், அதனால வேகமா தாண்டிடறேன். நமக்கு வேண்டியது 1995. அந்த வருஷம் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவை வெளியிட்டது. மதர்போர்டு 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர், ஸ்க்ரூ ஓட்டைகள் இந்த இந்த இடத்தில், பவர் சப்ளையின் கனெக்டர் இந்த மாதிரி. கேட்க ரொம்ப போரான சமாச்சாரம். ஆனால் நீங்க ஒரு கடையில் கேஸும் இன்னொரு கடையில் போர்டும் வாங்கி, ரெண்டும் பொருந்தும் என்று நம்பி வீட்டுக்கு வர முடிகிறதென்றால், அதுக்குக் காரணம் இந்த போரான காகிதம்தான்.

நம்ம ஊரில் 'அசெம்பிள்டு' என்ற சொல் குடும்பச் சொல்லாக மாறியதும் இதனால்தான். மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் கான்பிகரேஷன் எழுதிய துண்டுச் சீட்டை நீட்டினால், கடைக்காரர் அங்கேயே கட்டித் தருவார். அது பிராண்டட் பெட்டியும் இல்லை, நாம் கட்டியதும் இல்லை. தெரிஞ்ச அண்ணன் கட்டியது. ஏதாவது ஆச்சுன்னா அவர்கிட்டத்தான் போய் நிப்போம். வெளிநாட்டு ரிவ்யூக்களில் இந்த மூன்றாவது வழி பெரும்பாலும் வராது, நமக்கு அதுதான் முதல் வழியாக இருந்தது.

சரி, ஹாலுக்கு வருவோம். ஏடிஎக்ஸ் டவர் ஒன்றை டிவி யூனிட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குப் பிரச்சினை புரியும். வைக்கவே முடியாது. சின்னக் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் கேஸை லிட்டரில் அளப்பார்கள், நாம தண்ணி கேனை அளக்கிற மாதிரி. சாதாரண டவர் 40 லிட்டர், 50 லிட்டர் வரும். முதல் ப்ளேஸ்டேஷன் 4 ஐந்து லிட்டருக்கும் குறைவு. இந்த ரெண்டுக்கும் நடுவில் எங்கேயோதான் நமக்கு வேண்டிய பெட்டி இருக்கு.

2001-இல் மூன்று விஷயங்கள் நடந்தன. தைவானின் வியா கம்பெனி மினி-ஐடிஎக்ஸ் என்ற அளவை அறிவித்தது. 170 மில்லிமீட்டருக்கு 170 மில்லிமீட்டர், ஒரு சாண் சதுரத்தைவிடக் கொஞ்சம் சின்னது. வியாவுக்கு கேமிங் எண்ணமே இல்லை. தன்னுடைய மின்சாரம் குறைவாகச் சாப்பிடும் ப்ராசஸரை விற்க அவங்களுக்கு ஒரு சின்ன போர்டு தேவைப்பட்டது. அதே வருஷம் இன்னொரு தைவான் கம்பெனியான ஷட்டில், எஸ்வி24 என்ற அலுமினியப் பெட்டியைக் கொண்டுவந்தது. மூன்றாவது, நவம்பரில் மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ். உள்ளே 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் ப்ராசஸர், என்விடியா கிராபிக்ஸ், 8 ஜிபி ஹார்ட் டிஸ்க். பெயர்தான் கன்சோல், திறந்து பார்த்தால் கம்ப்யூட்டர். ஹேக் செய்தவர்கள் அதில் ஒரு மீடியா ப்ளேயரை ஓட்டினார்கள். அதுதான் வளர்ந்து எக்ஸ்பிஎம்சி ஆகி, இப்போ கோடி என்ற பெயரில் பல வீட்டு டிவிகளில் ஓடுகிறது.

எக்ஸ்பாக்ஸை ஒதுக்கி வைப்போம். மற்ற ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. எஸ்வி24-இல் தொடங்கிய ஷட்டிலின் பெட்டிகள் அழகானவை. கேஸ், மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாம் பொருத்தியே வரும். ப்ராசஸரும் ரேமும் டிஸ்கும் நீங்க போட்டுக்கணும். பேர்போன் என்பார்கள். மறுபடியும் பாதி! கொஞ்ச நாளில் ஹீட்பைப் வைத்து, ப்ராசஸர் சூட்டைப் பின்பக்க ஃபேனுக்கு இழுத்துப் போகும் ஏற்பாடும் வந்தது. நண்பர்கள் வீட்டுக்குத் தூக்கிப்போய் லான் பார்ட்டி ஆடியவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் உள்ளே இருந்த போர்டும் பவர் சப்ளையும் பெரும்பாலும் ஷட்டிலின் சொந்த அளவு. நாலு வருஷம் கழித்து போர்டு போய்விட்டால் ஷட்டிலிடமே போர்டு கேட்கணும், அவர்கள் அதுக்குள்ள அடுத்த மாடலுக்குப் போயிருப்பார்கள். பளபளன்னு ஒரு அலுமினிய டப்பா மட்டும் மிஞ்சும்.

மினி-ஐடிஎக்ஸ் போர்டோ மெதுவாக ஓடியது, கேம் ஆடவே லாயக்கில்லாமல் இருந்தது. பழைய ரேடியோப் பெட்டிக்குள்ளும் பொம்மைக்குள்ளும் அதை வைத்துக் கட்டிய பொழுதுபோக்குக்காரர்கள்தான் ஆரம்ப ரசிகர்கள். ஆனால் 170க்கு 170 என்ற அளவை யார் வேண்டுமானாலும் பின்பற்றலாம். கொஞ்ச வருஷத்தில் இன்டெல்லுக்கும் ஏஎம்டிக்குமான போர்டுகள் அதே அளவில், முழு நீள கிராபிக்ஸ் கார்டு சொருகும் இடத்தோடு வர ஆரம்பித்தன. வியா அந்தச் சந்தையில் இல்லாமலே போய்விட்டது. அது போட்ட அளவு இன்றைக்கும் இருக்கு. 2001-இன் கேஸில் 2025-இன் போர்டின் ஸ்க்ரூ ஓட்டைகள் பொருந்தும்.

இதுதான் என்னுடைய வாதம், முன்னாடியே சொல்லிடறேன். ரெடிமேடா சுயமா என்பதை விட, உள்ளே இருக்கிற அளவுகள் யாருடையவை என்பதுதான் பெரிய கேள்வி. பொது அளவா, ஒரே கம்பெனியின் அளவா? பெட்டி சின்னதாக ஆக ஆக, பொது அளவை விட்டுக்கொடுக்கத் தோன்றும். இனி வரும் கதை முழுக்க அந்த இழுபறிதான்.

2012 ஜூலை. வால்வ் கம்பெனியின் தலைவர் கேப் நியூவெல், தானே ஒரு காலத்தில் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்தவர், விண்டோஸ் 8-ஐப் பேரழிவு என்று மேடையில் சொன்னார். அவருடைய பயம் நியாயமானது. விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் கடை திறந்துவிட்டால், வால்வின் ஸ்டீம் கடைக்கு என்ன வேலை? அந்த டிசம்பரில் டிவிக்கு ஏற்ற பிக் பிக்சர் மோட் வந்தது. 2013 செப்டம்பரில் ஒரே வாரத்துக்குள் மூன்று அறிவிப்புகள்: லினக்ஸ் அடிப்படையில் ஸ்டீம் ஓஎஸ், பல கம்பெனிகள் செய்யப்போகும் ஸ்டீம் மெஷின்கள், ஒரு விசித்திரமான கன்ட்ரோலர். கம்ப்யூட்டர் கேமை ஹாலுக்குக் கொண்டுவர அதுவரை நடந்த முயற்சிகளில் இதுதான் ஆகப் பெரியது.

அந்த டிசம்பரில் வால்வ் 300 சோதனைப் பெட்டிகளைத் தேர்ந்தெடுத்த ஆட்களுக்கு அனுப்பியது. இந்த 300 பெட்டிகள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 12 அங்குல அகலம், 12.4 அங்குல நீளம், வெறும் 2.9 அங்குல உயரம். உள்ளே என்விடியா ஜிடிஎக்ஸ் 660-இல் இருந்து டைட்டன் வரை வெவ்வேறு கார்டுகள். எல்லாமே கடையில் கிடைக்கும் பாகங்கள்! ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பவர் சப்ளைக்கும் தனித்தனியாகக் காற்று வந்து போகிற மாதிரி உள்ளே தடுப்புகள் அமைத்திருந்தார்கள். ஒருத்தர் விட்ட சூட்டுக் காற்றை இன்னொருத்தர் இழுக்கக் கூடாது, அவ்வளவுதான் தத்துவம். வேணுமென்றால் இதே மாதிரி நீங்களும் கட்டிக்கலாம், கேஸின் வரைபடத்தைத் தர்றோம் என்றது வால்வ். ஒரு கம்பெனி தன்னுடைய ரெடிமேட் பெட்டியைச் சுயமாகக் கட்டுகிற ஆள் கட்டியது போலவே வடிவமைத்தது அபூர்வம்.

அப்புறம் கடைக்கு வந்தவை வேறு மாதிரி இருந்தன. 2014 ஜனவரியில் பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் மாடல்களைக் காட்டின. விலை 499 டாலரில் தொடங்கி 6,000 டாலர் வரை. ஒரே பெயர், பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். கன்சோல் வாங்க வருகிறவர் எதிர்பார்ப்பது ஒரு விலை, ஒரு பெட்டி, எல்லா கேமும் ஓடும் என்ற உத்தரவாதம். கம்ப்யூட்டர் கட்டுகிறவர் எதிர்பார்ப்பது தேர்வு. ஸ்டீம் மெஷின் இந்த ரெண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றது.

கன்ட்ரோலர் தயாராகவில்லை என்று எல்லாமே 2015-க்குத் தள்ளிப்போனது. ஏலியன்வேர் காத்திருக்கவில்லை. 2014 நவம்பரில் தன் பெட்டியில் விண்டோஸைப் போட்டு, ஆல்ஃபா என்று பெயர் வைத்து 549 டாலருக்கு விற்றது. 20 சென்டிமீட்டர் சதுரம், ஐந்தரை சென்டிமீட்டர் உயரம். இவ்வளவு சின்னதாக எப்படிச் செய்தார்கள்? பவர் சப்ளையை லேப்டாப் சார்ஜர் மாதிரி வெளியே தள்ளினார்கள், கிராபிக்ஸ் சிப்பை போர்டிலேயே சால்டர் செய்தார்கள். ப்ராசஸர், ரேம், டிஸ்க் மாற்றலாம். கேம் ஆட முதலில் பழசாவது எது? கிராபிக்ஸ். அதை மட்டும் மாற்ற முடியாது. 2 ஜிபி கிராபிக்ஸ் மெமரியோடு அது அப்படியே நின்றுவிட்டது.

2015 நவம்பர் 10-ஆம் தேதி ஸ்டீம் மெஷின்கள் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தன. அதற்குள் ப்ளேஸ்டேஷன் 4-க்கு ரெண்டு வயது. லினக்ஸில் ஓடும் கேம்கள் குறைவு, ஓடியவற்றிலும் சில, அதே இயந்திரத்தில் விண்டோஸ் தந்த வேகத்தைத் தரவில்லை. அடுத்த ஜூனில், ஸ்டீம் கன்ட்ரோலர் ஐந்து லட்சம் விற்றிருக்கிறது என்று வால்வ் சொன்னது. மெஷினோடு சேர்த்துப் போனவையும் அந்தக் கணக்குக்குள்தான் அடக்கம். அப்போ மெஷின்கள் எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே யோசிச்சுக்கங்க. 2018-இல் ஸ்டீம் கடையின் மெனுவில் இருந்து அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

இதே காலத்தில், கம்பெனிகள் எதுவும் கூப்பிடாமலே, இன்னொரு பக்கம் வேற வேலை நடந்துகொண்டிருந்தது. மினி-ஐடிஎக்ஸ் போர்டுக்கு ஏற்ற அடக்கமான கேஸே கடையில் இல்லையே என்று புலம்பிக்கொண்டிருந்த ஆர்வலர்கள், இணையத்தில் கூடிப் படம் வரைய ஆரம்பித்தார்கள். இந்தத் துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளட்டும், அந்த ஃபேன் இங்கே வரட்டும் என்று மாதக்கணக்கில் விவாதம். அப்படிப் பிறந்த என்கேஸ் எம்1, 2013-இல் மக்களிடம் முன்பணம் திரட்டி, தைவானின் லியான் லி தொழிற்சாலையில் உருவானது. 12.6 லிட்டர். ஜெர்மனியில் டேனியல் ஹான்சன் இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவருடைய டான் ஏ4, 2016-இல் கிக்ஸ்டார்ட்டரில் வந்தபோது 7.2 லிட்டர்தான். போர்டை ஒரு பக்கம், கிராபிக்ஸ் கார்டை அதன் முதுகுப்பக்கம், நடுவில் ரைசர் கேபிள். சாண்ட்விச் அமைப்பு என்று இப்போது எல்லாரும் சொல்வது இதைத்தான். விலை? ப்ராசஸர் கூலர் 48 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒரு தீப்பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்திய உயரம்.

ஆனால் போர்டு பொது அளவு, பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸ் என்ற பொது அளவு, கார்டு கடையில் கிடைக்கிற சாதாரணக் கார்டு. 2016-இல் கட்டியவர் மூன்று தலைமுறை தாண்டி உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றலாம், கேஸ் அப்படியே இருக்கும். அதுவும் அப்போது நல்ல காலம். 2015-இல் ஏஎம்டி விட்ட ஆர்9 நானோ கார்டு 152 மில்லிமீட்டர் நீளம், 175 வாட். சின்னக் கேஸ்காரர்களுக்காகவே நெய்த மாதிரி.

அந்தக் காலம் நீடிக்கவில்லை. 2022-இன் ஆர்டிஎக்ஸ் 4090, 304 மில்லிமீட்டர் நீளம், மூன்று ஸ்லாட் தடிமன், 450 வாட். வாட் கணக்கை வெறும் எண்ணாகப் பார்க்காதீங்க. கம்ப்யூட்டர் இழுக்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 400 வாட் என்றால் பழைய நூறு வாட் குண்டு பல்பு நாலை ஒரு ஷூ பெட்டிக்குள் எரியவிட்ட மாதிரி. இன்னொன்று, கூலரின் வேலை அறைக் காற்றின் சூட்டுக்கு மேல் தொடங்குவது. வெளிநாட்டு ரிவ்யூவில் 21 டிகிரி ஏசி அறையில் 75 டிகிரி காட்டிய சிப், நம்ம மே மாத ஹாலில் 34 டிகிரி இருக்கும்போது கிட்டத்தட்ட அந்தப் பதிமூன்று டிகிரியையும் சேர்த்துக் காட்டும். ஃபேன் சத்தம் தனிக் கதை. இதோடு டிவி யூனிட்டின் கண்ணாடிக் கதவையும் மூடிவைத்தால் கேட்கவே வேண்டாம்.

சூடு ஒரு பக்கம், மின்சாரம் இன்னொரு பக்கம். இப்போ அந்தச் சுட்ட கதைக்கு வர்றேன். 2020 பிப்ரவரியில் என்இசட்எக்ஸ்டி கம்பெனி எச்1 என்ற கேஸைக் கொண்டுவந்தது. நின்றவாக்கில் ஒரு அழகான கோபுரம். இதுவும் பாதி ரெடிமேட்தான். பவர் சப்ளை, லிக்விட் கூலர், ரைசர், எல்லா வயர்களும் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும். சின்னக் கேஸில் ஆட்கள் பயப்படுகிற கஷ்டமான வேலையை நாங்களே செய்துட்டோம், மீதியை நீங்க போட்டுக்கங்க என்பது ஒப்பந்தம். பிரச்சினை ரைசர் போர்டைக் கேஸோடு பிடித்திருந்த ரெண்டு ஸ்க்ரூவில் இருந்தது. அந்த ஸ்க்ரூ போர்டுக்குள் ஓடும் 12 வோல்ட் தடத்தைத் தொட்டு ஷார்ட் ஆகி, தீப்பிடிக்க வாய்ப்பு இருந்தது. சிலருக்குப் பிடித்தது. 2020 கடைசியில் விற்பனையை நிறுத்தி, நைலான் ஸ்க்ரூ அனுப்பினார்கள். உலோக ஸ்க்ரூவை மாற்றினால் போதாது, போர்டின் வடிவமைப்பே தப்பு என்று கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற யூட்யூப் சேனல் செய்து காட்டியது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழியாக முழு ரீகால் ஆனது.

இதில் இருந்து 'அதனால நாமளே கட்டினாத்தான் பாதுகாப்பு' என்று நான் சொல்ல வரவில்லை. நாம் கட்டுகிற பெட்டியிலும் ரைசர் உண்டு, கனெக்டரைச் சரியாக அழுத்தாத கை உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. ரெடிமேட் கம்பெனி ஒரு தப்பு செய்தால் ஆயிரக்கணக்கான ஹால்களில் ஒரே தப்பு உட்கார்ந்திருக்கும், கூடவே அதைத் திரும்பப் பெறச் சட்டமும் பதிவேடும் இருக்கும். நான் வீட்டில் ஒரு தப்பு செய்தால் அது என் ஒருத்தன் தப்பு, அதுக்கு ரீகால் அறிவிப்பு வராது. வாரன்டி என்று காசு கொடுத்து வாங்குவது இந்தப் பொறுப்பைத்தான். அதை வாங்குவதில் அவமானம் எதுவும் இல்லை. கட்டத் தெரியாதவன்தான் ரெடிமேட் வாங்குவான் என்று ஆர்வலர்கள் நக்கலடிப்பது எனக்கு எப்பவுமே பிடித்ததில்லை.

விலையை வைத்து முடிவு செய்யலாமே என்றால், விலை ஒரு இடத்தில் நிற்பதில்லை. சாதாரண நாளில் சுயமாகக் கட்டினால் மலிவு என்பார்கள், சின்னக் கேஸில் அதுவே சந்தேகம்தான், ஏனென்றால் மினி-ஐடிஎக்ஸ் போர்டும் எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளையும் பெரிய அளவைவிட விலை கூட. 2020, 2021-இல் கிரிப்டோவும் ஊரடங்கும் சேர்ந்து கிராபிக்ஸ் கார்டே கிடைக்காமல் போனபோது, கார்டுக்காகவே முழு ரெடிமேட் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் உண்டு. 2025 கடைசியில் இருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை எகிறியது. அதனால யாராவது நிரந்தர விதி மாதிரி 'இதுதான் லாபம்' என்று சொன்னால் அந்த வருஷத்தைக் கேளுங்க.

கம்பெனியின் ஆயுளும் ஒரு கணக்கு. உள்ளங்கை சைஸ் கம்ப்யூட்டரை நக் என்ற பெயரில் பத்து வருஷம் வளர்த்த இன்டெல், 2023 ஜூலையில் போதும் என்று விட்டுவிட்டது, ஏசஸ் எடுத்துக்கொண்டது. இன்டெல்லே விட்டுப்போகும் என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல? நேர்மாறாக, அமெரிக்காவின் ஃபால்கன் நார்த்வெஸ்ட் 2012-இல் தொடங்கிய டிக்கி என்ற மெலிந்த மாடல் முழு ரெடிமேட், விலையும் அதிகம். ஆனால் உள்ளே மினி-ஐடிஎக்ஸ் போர்டும் சாதாரணக் கார்டும்தான். கட்டியது அவர்கள், அளவு எல்லாருக்கும் பொது. இப்படிப்பட்ட ரெடிமேடை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

சரி, வால்வ் தோற்றுப்போய் அப்படியே கிடந்ததா? இல்லை. ஸ்டீம் மெஷின் பிரிவை மெனுவில் இருந்து எடுத்த அதே 2018-இல், ஆகஸ்டில், ப்ரோட்டான் வந்தது. விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட வைக்கும் மொழிபெயர்ப்பு அடுக்கு. முதல் தடவை பெட்டியைச் செய்துவிட்டு கேமைத் தேடினார்கள், இந்தத் தடவை கேமைச் சரிசெய்துவிட்டுப் பெட்டிக்கு வந்தார்கள். 2022 பிப்ரவரியில் கையடக்கமான ஸ்டீம் டெக், 2025 நவம்பரில் மறுபடியும் ஸ்டீம் மெஷின் என்ற அறிவிப்பு. இந்த முறை பல கம்பெனிகள் இல்லை, வால்வே செய்கிறது. ஏறத்தாழ ஆறு அங்குலக் கனசதுரம், கிட்டத்தட்ட 4 லிட்டர், பவர் சப்ளையும் உள்ளேயே. ஏஎம்டி ப்ராசஸர், 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரி.

நம்ம கேள்வியை அதுகிட்டக் கேட்போம். ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றலாம், ரெண்டும் பொது அளவு. ப்ராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் போர்டோடு ஒட்டியவை, மாற்ற முடியாது. ஏலியன்வேர் ஆல்ஃபாவின் நிலைமைதான், ஆனால் ஒரு ஆறுதல். இதன் ஓஎஸ் திறந்தது, வேறு ஓஎஸ்ஸும் போட்டுக்கலாம். அதே சமயம், ஸ்டீம் டெக் மாதிரியே டிவியில் தோன்றும் பஸைட் போன்ற லினக்ஸை நீங்க கட்டிய பெட்டியிலும் போடலாம். சோபா வசதி, அதாவது கன்ட்ரோலரில் ஒரு பட்டனை அழுத்தினால் நேராக கேம் திரை வரும் வசதி, இப்போ ரெண்டு பக்கமும் இருக்கு.

கேட்டவர்களுக்கு நேராகப் பதில் சொல்லாமல் தப்பிக்க மாட்டேன். ஐந்து லிட்டருக்குள் வேண்டும் என்றால் ரெடிமேட் வாங்குங்க. அந்த அளவில் நாம் கட்டுவது சாத்தியம்தான், ஆனால் சூட்டோடும் வயரோடும் மல்லுக்கட்டி ஜெயிக்கிற நேரத்துக்கு கேமே ஆடிடலாம். ஐந்தாறு வருஷத்தில் முழுசாக மாற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்தே வாங்குங்க. பத்து, பன்னிரண்டு லிட்டருக்கு உங்கள் டிவி யூனிட்டில் இடம் இருந்தால் கட்டுங்க. 200 வாட்டுக்குள் நிற்கிற கார்டு, 170 மில்லிமீட்டர் போர்டு, எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை. கையில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க விருப்பம் இல்லையா, இதே பட்டியலை உங்கள் ஊர் கடை அண்ணனிடம் கொடுத்துக் கட்டச் சொல்லுங்க. பிராண்டட் பெட்டி விற்கிறவரிடம் கேட்க வேண்டியது ரெண்டே கேள்வி: போர்டு மினி-ஐடிஎக்ஸா, பவர் சப்ளை எஸ்எஃப்எக்ஸா? ரெண்டுக்கும் ஆமாம் என்றால், கட்டியது யார் என்பது பெரிய விஷயமில்லை.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்து டிவி யூனிட்டின் உள் ஆழத்தை அளந்துடுங்க. பின்னாடி எச்டிஎம்ஐ கேபிள் வளைய அஞ்சு சென்டிமீட்டராவது விடணும், அதை யாரும் கேஸின் நீளத்தில் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த எபிசோடில் ஜாய்ஸ்டிக்கின் கதை. விமானத்தை ஓட்டிய கம்பி எப்படி நம்ம கட்டைவிரலுக்கு வந்தது என்று பார்ப்போம்.